ஏரி இருக்கிற கல்லூரி

"எந்தக் கல்லூரி, அம்மை? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்படியே செஞ்சிடறேன்."

செண்பகராமன் இதைக் கேட்டபோது குன்றின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் வேலை பார்க்கிறவர் அவர். வயது ஐம்பத்தைந்து. குன்றின் மேல் கல்மண்டபத்தில் துறவியாகத் தனித்து வாழும் முத்தம்மைக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. ஆனாலும் மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் வந்து, அவள் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். பெரும்பாலும் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

இன்று மகள் நிறைமதியையும் கூட்டி வந்திருந்தார். அவளைப் படிக்கட்டின் அடியில் உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாக மேலே வந்திருந்தார்.

"என்னென்ன கல்லூரி?" என்றாள் முத்தம்மை.

"ஒண்ணு பக்கத்துல. பஸ்ல போய் பஸ்ல வந்துடலாம். செலவு கையைக் கடிக்காது. ஆனா அங்க ஒண்ணுமே கிடையாது, அம்மை. நாலு சுவர், ஒரு பெல். பெல் அடிச்சா எல்லாரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிருவாங்க."

"இன்னொண்ணு?"

"கோயம்புத்தூர் தாண்டி. நானும் அவளும் போய்ப் பார்த்துட்டு வந்தோம். உள்ளேயே ஏரி இருக்கு. கரையெல்லாம் பிள்ளைங்க உட்கார்ந்து பேசிட்டிருக்கு. ஒருத்தன் கிட்டார் வாசிக்கான். யாரும் கேட்கலை, ஆனாலும் வாசிக்கான். நிறைமதி செருப்பைக் கழட்டிட்டுத் தண்ணியில காலை வச்சா. ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை."

"அவளுக்கு எது வேணுமாம்?"

"எது சொன்னாலும் 'சரிப்பா'ங்கா."

"ஏரிக்கு என்ன விலை?"

"வீட்டை விக்கணும்."

"வித்துடுங்க."

இவ்வளவு சுலபமாக அவள் சொல்லிவிடுவாள் என்று செண்பகராமன் எதிர்பார்க்கவில்லை.

"விக்க முடியாது, அம்மை."

"ஏன்?"

அவர் தரையைப் பார்த்தார்.

"பரணி வந்தான்னா?"

பரணி அவருடைய மூத்த பிள்ளை.

தாயில்லாப் பிள்ளைகள் இரண்டு பேரும். பரணியை அவர் அந்தப் பக்கத்துக் கல்லூரியில்தான் சேர்த்தார். செலவைப் பார்த்துத்தான் சேர்த்தார். காலையில் பஸ் ஏறுவான், சாயங்காலம் வந்து இறங்குவான். எப்படிப் போச்சு என்று கேட்டால், "நல்லா போச்சுப்பா" என்பான். ஒருநாள்கூட வேறு பதில் சொன்னதில்லை.

ஒரு காலையில் அதேபோல் பஸ் ஏறினான். திரும்பி வரவில்லை.

விசாரிக்கப் போனபோதுதான், பல மாதமாகவே அவன் வகுப்புக்கு வரவில்லை என்று சொன்னார்கள். பகலெல்லாம் எங்கே இருந்தான்? யாருக்கும் தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்க அங்கே அவனுக்கு ஒரு சிநேகிதன்கூட இல்லை. அந்தக் கல்லூரியில் அவன் இருந்ததற்கு அடையாளமே இல்லை.

அதற்குப் பிறகுதான் செண்பகராமன் குன்று ஏற ஆரம்பித்தார்.

"அவனுக்கு ஒரு ஏரி இருந்திருந்தா போயிருக்க மாட்டான்" என்றார். "நாலு பிள்ளைங்களோட உட்கார்ந்து பேச ஒரு இடம். அதைக்கூட நான் வாங்கிக் கொடுக்கலை. இவளுக்கும் அதையேதான் செய்யவா?"

அவரே தொடர்ந்தார்.

"வீட்டை வித்து இவளை அனுப்பிடறேன்னு வைங்க. அவன் என்னைக்காவது வந்து கதவைத் தட்டுவான். யாரோ திறப்பாங்க. அவன் ஒண்ணும் கேட்க மாட்டான், அம்மை. அப்படியே திரும்பிப் போயிடுவான். அவன் சுபாவம் அது."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எதைச் செஞ்சாலும் ஒரு பிள்ளையை நான் தொலைக்கிறேன். சொல்லுங்க. எந்தக் கல்லூரி?"

முத்தம்மை எழுந்தாள்.

"இங்க வந்து உட்காருங்க" என்று தன் இடத்தைக் காட்டினாள். அவர் தயங்கினார். அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவர் இருந்த இடத்தில் போய்த் தான் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க இப்ப நிறைமதி. ஏரி இருக்கிற கல்லூரியில படிக்கிறீங்க. நான் உங்க அப்பா. வீட்டை வித்துதான் உங்களைச் சேர்த்திருக்கேன். இப்ப போன்ல கூப்பிடுதேன்."

அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் தலையாட்டினார்.

"நிறை, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்ப்பா."

"காலேஜ் எப்படியிருக்கு?"

"நல்லாருக்குப்பா."

"சிநேகிதங்க கிடைச்சாங்களா?"

"நிறைய பேருப்பா."

"ஏரிக்கரைக்குப் போறியா?"

"தினமும் போறேன்ப்பா."



"குரல் என்னமோ மாதிரி இருக்கே. அழுதியா?"

"இல்லப்பா. சளி."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. தானாக வந்தது. செண்பகராமன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். அவள் விடவில்லை.

"சரி. வீட்டை விக்கலை. நீ இங்கதான் படிக்கிறே. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள்ள வர்றே. நான் நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். எப்படிம்மா போச்சு?"

அவர் வாயைத் திறந்தார்.

"நல்லா போச்சுப்பா."

வந்தது அவருடைய குரல் இல்லை. நிறைமதியின் குரலும் இல்லை. மூன்று வருடமாக அவர் காதில் விழாத குரல் அது.

செண்பகராமன் தூணைப் பிடித்துக்கொண்டார்.  

"அப்ப எங்க அனுப்பினாலும்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

"எனக்கு வழியே இல்லையா, அம்மை?"

முத்தம்மை துடைப்பத்தை எடுத்து மண்டபத்தைப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

"பிள்ளை வெயில்ல உட்கார்ந்திருக்கா" என்றாள்.

அவர் இறங்கிப் போனார்.

அப்பாவைக் கண்டதும் நிறைமதி எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். சிரித்தாள். நல்ல சிரிப்பு. அண்ணன் போன நாளிலிருந்து, அப்பா எதிரில் அவள் அதைக் கழற்றியதே இல்லை.

"என்னப்பா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"இதுக்குப் போய் ஏன்ப்பா அலையறீங்க? எனக்கு இங்கயே போதும். சந்தோஷமாப் படிப்பேன்." அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன செய்யுது? நல்லாத்தானே இருக்கீங்க?"

"நல்லாருக்கேன்மா" என்றார்.

சொல்லிவிட்டு நின்றார்.  அங்கேயே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இல்லம்மா" என்றார். "நான் நல்லா இல்லை. உன்னை எங்க அனுப்பறதுக்கும் எனக்குப் பயமா இருக்கு."

நிறைமதியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அது இல்லாமல் அவள் மிகவும் சின்னப் பிள்ளையாக இருந்தாள். மெதுவாக அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும்ப்பா" என்றாள்.