குனிய மறுத்த ஆள்காட்டி

மலையடிவாரக் குளத்தங்கரையில், கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு குஞ்சுகளோடு குடியிருந்தது. அந்தக் குளத்துக்கே அதுதான் காவல். பாம்பு வந்தாலும் பருந்து வந்தாலும் முதலில் கத்துவது அதுதான். சத்தம் கேட்டதும் கொக்குகளும், தண்ணீரில் நீந்தும் நாமக்கோழிகளும் உஷாராகிவிடும். ஆள்காட்டியின் குஞ்சுகளோ கற்களோடு கற்களாகப் படுத்துக்கொள்ளும். அப்புறம் எந்தக் கண்ணுக்கும் அவை தெரியாது.

இப்படி நிம்மதியாக இருந்த இடத்துக்கு ஹெலிகாப்டர் வந்து சேர்ந்தது. மலை உச்சியில் புதிதாக ஒரு சொகுசு விடுதி கட்டியிருந்தார்கள். அங்கே போகிற பணக்காரர்களுக்கு மலைப்பாதை வளைவில் தலை சுற்றுமாம்! அதனால் வானத்தில் தூக்கிக்கொண்டு போனார்கள். போகிற வழியில் வேடிக்கை காட்ட, குளத்தின்மேல் மரத்தின் உயரத்துக்குத் தாழ்ந்து பறந்தார்கள். தண்ணீர் சுழன்றது. நாணல் படுத்தது. காது அடைத்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை!

பறவைகள் பதறிப்போய்க் கூட்டம் கூடின. கூப்பிடாமலே நரியும் வந்து உட்கார்ந்தது.

"இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று சிரித்தது நரி. "காலம் மாறுது, நாமளும் மாறணும்! சத்தம் வந்ததும் நாணலுக்குள்ளே தலையை விட்டுக் கண்ணை மூடிக்குங்க. நூறு எண்ணுங்க. அது போயிடும். பத்து நாள்ல பழகிடும்!"

"நரியண்ணன் சொல்றது சரிதான். நாம கத்தினா அது நிக்கவா போகுது?" என்றது பெரிய கொக்கு.

எல்லாப் பறவைகளும் தலையாட்டின. ஆள்காட்டியும்தான்.

பத்து நாள் குனிந்தே கழிந்தது. சத்தம் பழகத்தான் செய்தது. ஆனால் நாமக்கோழியின் குஞ்சுகளில் இரண்டைக் காணோம். "காத்துல அடிச்சிட்டுப் போயிருக்கும்" என்று மற்றவை ஆறுதல் சொல்லின. பதினோராம் நாள் ஆள்காட்டியின் குஞ்சுகளிலும் ஒன்று குறைந்தது.

"என் குஞ்சு காத்துல போற குஞ்சு இல்லை!" என்று துடித்தது ஆள்காட்டி. காவல்காரியே கண்ணை மூடிக்கொண்டு நின்றோமே என்று அதற்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஹெலிகாப்டர் வந்தது. எல்லாம் குனிந்தன. ஆள்காட்டி மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது. கரையோரமாக நரி வந்துகொண்டிருந்தது. ஓடவில்லை, பதுங்கவில்லை. சந்தைக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக வந்தது. நாணலுக்குள் வாயை விட்டது. இன்னொரு நாமக்கோழிக் குஞ்சைக் கவ்விக்கொண்டு போயே போய்விட்டது.

ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. பக்கத்தில் நின்ற கொக்குக்கே அது கேட்கவில்லை!

இரைச்சல் அடங்கியதும் ஆள்காட்டி கண்டதையெல்லாம் சொன்னது. நாமக்கோழி கதறி அழுதது.

"வேற குளத்துக்குப் போயிடலாமா?" என்று முனகியது பெரிய கொக்கு.

"ஏன் போகணும்? இது நம்ம குளம்! என் மூணு குஞ்சுக்கும் இன்னும் சிறகு முளைக்கலை. நான் நகரவும் மாட்டேன், இனிமே குனியவும் மாட்டேன்! என் குரல்தானே கேக்கலை? உங்க வெள்ளைச் சிறகு கண்ணுக்குத் தெரியுமே! சத்தம் வந்ததும் எல்லாரும் ஒண்ணா மேலே எழும்புங்க!"

"அந்த ராட்சசன்மேலே போய் மோதவா?" என்று கேட்டது கொக்கு.

"மோத வேண்டாம். நாம இங்கே இருக்கோம்னு அதுக்குத் தெரியணும்!"

பிறகு தன் குஞ்சுகளிடம், "கொக்கு எழும்பினா ஆபத்துன்னு அர்த்தம். உடனே படுத்துக்குங்க" என்று சொல்லிவைத்தது. நாமக்கோழியும் தன் குஞ்சுகளை நடுக்குளத்துக்கு நீந்தச் சொன்னது.

மத்தியானம் மலைப்பக்கம் அந்த இரைச்சல் கிளம்பியது. ஒரு கணம் யாரும் அசையவில்லை. ஆள்காட்டி தன்னந்தனியாக எழும்பியது. அதன் பின்னால் நாமக்கோழி எழும்பியது. பார்த்துக்கொண்டிருந்த கொக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த நொடி குளத்தின்மேல் வானமே வெள்ளையாகிவிட்டது!

"ஐயோ, பறவைக் கூட்டம்! ஒண்ணு மோதினாலும் நாம காலி!" என்று அலறினார் விமானி. ஹெலிகாப்டர் விருட்டென்று மேலேறி விலகிப் போனது.

கீழே நரி வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்து நின்றது. குனிந்த தலை ஒன்றுகூட இல்லை. கரை முழுக்கக் கற்கள்தான் தெரிந்தன. அண்ணாந்து பார்ப்பதற்குள் அதன் மண்டைமேல் கொத்து விழுந்தது!

"நான்... நான் உங்களுக்குத் துணையாத்தான் வந்தேன்!" என்று உளறியது நரி.

"என் குஞ்சு எங்கேடா?" என்று கத்தியது ஆள்காட்டி. இந்தத் தடவை அது நரிக்கு நன்றாகவே கேட்டது. வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

சாயங்காலமும் பறவைகள் எழும்பின. மறுநாளும் எழும்பின. நான்காம் நாளிலிருந்து ஹெலிகாப்டர் மலையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனது. ஆள்காட்டியின் மூன்று குஞ்சுகளும் சிறகு முளைத்துப் பறந்தன. இழந்த ஒன்றை அது கடைசிவரை மறக்கவில்லை.

நீதி: சகித்துக்கொள்ளச் சொல்லி நமக்கு உபதேசம் செய்பவர், நாம் குனிந்திருக்கும் நேரத்தில் என்ன செய்கிறார் என்று தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.