பிரிம்லி ஆலையின் பிரை

முதலில் அநியாயம் செய்தது பிரிம்லி துரைதான். மசக்காளியிடம் யார் எதைக் கேட்டாலும் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டால்கூட சுற்றி வளைத்துப் பிரிம்லி துரையிடம் வந்து நிற்கும்.

கூதமலை உச்சியில் பிரிம்லி குடும்பத்தின் பீர் ஆலை இருந்தது. இங்கிலாந்தில் அண்ணன் நடத்திய ஆலையில் பங்கு கிடைக்காமல், சண்டை போட்டுக்கொண்டு கப்பலேறிய தம்பி ஒருவர் கட்டியது. அவருக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன். அந்தப் பேரன்தான் இந்தத் துரை.

முளைவிட்ட வாற்கோதுமையை வறுத்து, காய்ச்சி, வடித்து ஆறவைத்தாலும் அது வெறும் கஷாயம்தான். ஈஸ்ட் விட்டால்தான் நுரைத்துப் பீராகும், பால் தயிராகப் பிரைமோர் விடுகிற மாதிரி. அதனால் ஆலையில் எல்லோருக்கும் அதன் பெயர் பிரை. ஒரு காய்ச்சலில் பொங்கி மேலே வருவதை வழித்து வைத்து அடுத்த காய்ச்சலுக்கு விடுவார்கள். தாத்தா இங்கிலாந்திலிருந்து கல்ஜாடியில் கொண்டுவந்த பிரை இன்றுவரை அறுபடாமல் வருகிறது என்பது பிரிம்லி வீட்டுப் பெருமை. புட்டியில் ஒட்டும் சீட்டிலும் அதைத்தான் அச்சடித்திருந்தார்கள்.

அது பொய். ஒரு அடைமழைக் காலத்தில் அந்தப் பிரை புளித்துச் செத்துப்போனது.

பக்கத்து மலையில் டாக்ஸன் குடும்பத்தின் ஆலை இருந்தது. இரண்டு வீட்டாரும் தேவாலயத்தில் எதிரெதிரே நின்றாலும் முகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பீர் காய்ச்சுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிரை கேட்டு வந்தால் பகையாளிக்கும் இல்லையென்று சொல்லக் கூடாது. நாளைக்கு நம் தொட்டியும் கெடலாம்.

துரை செம்பு வாளியைக் கொடுத்து, ஆலையில் பிரை காத்துவந்த மசக்காளியைக் குறுக்குப் பாதையில் அனுப்பினார். டாக்ஸன் வீட்டார் ஒரு வார்த்தை கேட்காமல் வாளியை நிரப்பிக் கொடுத்தார்கள். சிந்திவிடப் போகிறதென்று மசக்காளி மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பாதி வழியில் அது வெடித்தது. உள்ளே இருப்பது உயிருள்ள சாமான், பொங்கிக்கொண்டே இருக்கும் என்பது பயத்தில் மறந்துபோயிருந்தது. முகமெல்லாம் நுரை. மிச்சத்தை ஓடைத் தண்ணீரில் நனைத்த தலைத்துண்டால் மூடி, வெயில் படாமல் தூக்கி வந்து சேர்த்தார். ஆலை பிழைத்தது.

"உன் பேரை இந்த ஆலை மறக்காது மசக்காளி. இதை எங்கேயும் மூச்சு விடாதே" என்றார் துரை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

பிறகு ஆலைக்கு நூறாவது வருஷம் வந்தது. பந்தல் போட்டு, துரை ஆலையின் வரலாற்றைத் தாளில் எழுதி வாசித்தார். கப்பலேறிய தாத்தா பேர் வந்தது. வண்டி இழுத்த குதிரைகளின் பேர் வந்தது. எலி பிடித்த நாய்க்கு ஒரு பத்தி. மசக்காளி கடைசி வரிசையில் காத்து நின்றார். "தாத்தாவின் ஜாடியிலிருந்து அறுபடாமல் வரும் பிரை" என்று சொல்லித் துரை தாளை மடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்றைக்கே மசக்காளி மலையிறங்கி, அடிவாரத்தில் வெள்ளிங்கிரிச் சாமியின் மடத்தில் அவருக்குச் சீடராக வந்து சேர்ந்தார். குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சீடருக்கு அறுபதுக்கு மேல். ஊர் சிரித்தது. குரு அவரைப் பெரியவரே என்று கூப்பிட்டார்.

ஒரு வியாழக்கிழமை ஆலையில் கணக்கெழுதும் ரைட்டர் அருமைநாயகம் அதே செம்பு வாளியோடு மடத்து வாசலில் வந்து நின்றார்.

"என்ன மசக்காளி, தாடியெல்லாம் விட்டு ஆளே மாறிட்டீங்க. விபூதி வேற. வரம் குடுக்க ஆரம்பிச்சாச்சா?"

"வந்த சோலியச் சொல்லுங்க ரைட்டரே."

"பிரை மறுபடியும் கெட்டுப்போச்சு. தொட்டி பூரா புளிச்ச நாத்தம். துரை உங்களத்தான் டாக்ஸன் ஆலைக்குப் போயிட்டு வரச் சொன்னாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து சேரோணும்."

"மலையில வேற ஆளே இல்லீங்களா?"

"ஆளுக்கென்ன பஞ்சம்? வாயத் தொறக்காத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அது புகழ்ச்சியா அடியா என்று மசக்காளிக்கு விளங்கவில்லை. முகம் சுட்டது. ரைட்டர் வாளியைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மசக்காளி குருவிடம் போனார்.

"போனா, மறுபடியும் பேரில்லாத நாயி. எலி புடிச்ச நாய்க்காவது ஒரு பத்தி எழுதினாங்க. போகலேன்னா ஆலை நின்னுபோகும். ஆலைய நம்பிக் கீழ் லைன் வீடுகள்ல இருக்கிற சனம் அத்தனையும் நின்னுபோகும், என் தங்கச்சி குடும்பமும் அதுல ஒண்ணு. நான் போறதா, வேண்டாமா சாமி?"

"பசிக்குது பெரியவரே. சோறு போடுங்க."

மசக்காளி இலை போட்டார். சோறு வைத்தார். தயிர்ச் சட்டியைத் திறந்தார். காலையில் வந்த பரதேசிகளுக்கு ஊற்றி, சட்டியை விரலால் வழித்தும் கொடுத்திருந்தார்.

"பிரைக்கு எடுத்து வெச்சீங்களா?" என்றார் குரு.

மசக்காளி தலையைக் குனிந்துகொண்டார். ரைட்டர் வருவதைத் தூரத்தில் பார்த்ததிலிருந்து கை ஒரு வேலை, மனம் ஒரு வேலை.

"ராமாத்தா வீட்டுல கேட்டு வாங்கிட்டு வாங்க."

"அவகிட்டயா? உங்களையும் என்னையும் தின்னிப் பண்டாரங்கன்னு தெருவெல்லாம் சொல்றாளுங்களே சாமி."

"அவ தயிர் நல்லாயிருக்கும்."

ராமாத்தாள் இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள். மசக்காளி கிண்ணத்தைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றார்.

"துண்டுக்குள்ள என்னத்த ஒளிச்சு வெச்சிருக்கறீங்க, பூனைக்குட்டியா?" என்றாள் ராமாத்தாள்.

"கொஞ்சம் பிரைமோர் வேணும் ஆத்தா."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அட சாமி! வெள்ளைக்காரன் ஆலையில ஆயுசு பூரா பிரை காத்த மனுசன். ஒரு கரண்டி மோரக் காக்கத் தெரியல. இதுல ஊருக்கு வேற ஞானம் சொல்றீங்க."

"ஞானம் சொல்றது அவருங்க. நான் சட்டி கழுவறவன்."

"அதையாவது ஒழுங்காக் கழுவுங்க." திட்டிக்கொண்டே கிண்ணத்தைப் பிடுங்கினாள். திட்டிக்கொண்டே நிறைய ஊற்றினாள். "இது எங்கம்மா வீட்டுப் பிரையாக்கும். கண்ணாலத்தன்னிக்கு எங்காத்தா கலயத்துல ஊத்திக் குடுத்துவிட்டது. இன்னிவரைக்கும் நான் வெளியில கைநீட்டினதில்ல. பாத்து வெச்சுக்கோங்க."

மசக்காளி கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். டாக்ஸன் ஆலை வாசலில் நின்றபோதுகூட இவ்வளவு கூசவில்லை. அன்றைக்குத் துரைக்காகக் கேட்டோம், இன்றைக்கு நமக்காகக் கேட்டோம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மடத்தில் தயிர் கெட்டியாக உறைந்திருந்தது. மசக்காளி முதல் வேலையாகப் பிரைக்கு எடுத்து வைத்தார்.

பொழுது ஏறும் நேரத்தில் பின்வாசலில் யாரோ செருமினார்கள். ராமாத்தாள். முந்தானைக்குள் ஒரு சொம்பு.

"கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு அடுக்களைக்குள்ள பூந்திருச்சு" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தயிர்ச் சட்டி, பிரைக் கலயம், ஒண்ணு பாக்கியில்ல. எல்லாம் ஒடஞ்சு மண்ணோட மண்ணு. நாளைக்கு மாரியம்மன் கோயில்ல மோர்ப் பந்தல் என்னோட முறை."

மசக்காளிக்கு நேற்றுக் கேட்டதெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. கன்றுக்குட்டிக்குக்கூட ஞானம் சொல்லித் தரவில்லையா என்று கேட்டிருக்கலாம். அவள் கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் சொம்பை வாங்கி நிரப்பிக் கொடுத்தார்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வேலியோரமாகவே போனாள்.

சனிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். குரு போகச் சொன்னதால் மசக்காளியும் போய் மோர்ப் பந்தலில் நின்றார். ராமாத்தாள் பெரிய அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். குடித்தவர்கள் இன்னொரு சொம்பு கேட்டார்கள்.

"என்ன ராமாத்தா, இந்த ருசி எங்கிருந்து புடிச்சே?" என்றார் பூசாரி.

"எங்காத்தா வீட்டுப் பிரைங்க. கண்ணாலத்துல கலயத்துல வந்தது. இன்னிவரைக்கும் அறுபட்டதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் எதிரே நின்ற மசக்காளியைப் பார்த்தாள். அகப்பை அந்தரத்தில் நின்றது. பூசாரியும் அவள் பார்த்த பக்கம் திரும்பினார்.

"அப்படியா மசக்காளி? பிரையப் பத்தி உனக்குத் தெரியாததா? நீ சொல்லு."

"ஆமாங்க" என்றார் மசக்காளி. "அந்தம்மா வீட்டுப் பிரைதான். பாத்தாலே தெரியுதே."

ராமாத்தாள் அவர் சொம்பில் மோரை ஊற்றினாள். கண்டும் காணாத மாதிரி அடுத்தவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு சிரிப்புகூட இல்லை.

மசக்காளி மடத்துக்கு வந்தபோது குரு படியில் உட்கார்ந்து செம்பு வாளியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மோர் எப்படி இருந்துச்சு?"

"நல்லாயிருந்துச்சுங்க."

"யாரு வீட்டுப் பிரைன்னு சொன்னா?"

"அவங்காத்தா வீட்டுதுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

"வெக்கமா இருந்துச்சுங்களா?"

மசக்காளி யோசித்தார். "இல்லீங்க. அவ ஆத்தா செத்து எத்தனையோ வருசமாச்சு. அந்தக் கலயம் ஒண்ணுதான் மிச்சம். அதுவும் ஒடஞ்சுபோச்சு. நான் வேற எதுக்கு ஒடைக்கோணும்?"

குரு வாளியைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தேய்த்தார்.

மசக்காளி கீழ்ப்படியில் உட்கார்ந்தார். பிறகு தன் கைகளை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சாமி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். நூறாவது வருசத்துல துரை வாசிச்சு முடிச்சாருங்கல்ல. என் பேர் வரல. நிமிந்து என்னப் பாத்தாரு. நான் என்ன பண்ணப் போறேன்னு பாத்தாரு."

"என்ன பண்ணினீங்க?"

"கை தட்டினேனுங்க. எல்லாருக்கும் மேல சத்தமாத் தட்டினேன். பக்கத்துல நின்னவன் திரும்பிப் பாக்கற அளவுக்கு."

"பாவம்னு தட்டினீங்களா?"

"பயந்துகிட்டுத் தட்டினேன்."

அன்றைய கைதட்டல் வேறு, இன்றைய ஆமாம் வேறு என்றோ, இரண்டும் ஒன்றுதான் என்றோ குரு சொல்வார் என்று மசக்காளி காத்திருந்தார். குரு எழுந்துபோய் வாளியைத் தொட்டித் தண்ணீரில் அலசினார். துணியால் ஈரம் போகத் துடைத்தார். மூடியைப் பொருத்திப் பார்த்து, மடித்த கயிறோடு கொண்டுவந்து சீடர் பக்கத்தில் வைத்தார்.

"போறேன்னு நான் இன்னும் சொல்லலீங்களே சாமி."

"சொல்லலதான்."

மசக்காளி வாளியைத் தன் பக்கம் இழுத்தார். காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பழைய கனம்தான்.

"குறுக்குப் பாதையில ஓடை இன்னும் ஓடுதுங்களா?"

"ஓடுதாம்."

மசக்காளி தலைத்துண்டை அவிழ்த்து, உதறி, மறுபடியும் கட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"துரை எனக்குப் பண்ணினது பண்ணினதுதானுங்க. அதை நான் விட்டுட்டேன்னு நீங்க நெனச்சுக்கக் கூடாது."

"நினைக்கல."

"இந்தத் தடவையாவது என் பேரச் சொல்லுவாங்களா சாமி?"

"சொல்ல மாட்டாங்க பெரியவரே" என்றார் குரு. "மூடிய இறுக்கிக் கட்டிப்போடாதீங்க. உள்ள இருக்கிறது மூச்சு விடோணும்."