மூன்றாம் மெஷினின் ஸ்கிராப்

"லில்லிபுஷ்பத்தை வேலையை விட்டு இன்னைக்கே அனுப்பிடுங்க, சிஸ்டர்" என்றான் செல்வின்.

பால்புட்டி மூடி வார்க்கும் பட்டறை அது. நடத்துபவர் சிஸ்டர் எமிலியானா. அவரிடம் தொழில் கற்க வந்தவன் செல்வின். கெட்டுப்போன மூடிகள், அதாவது ஸ்கிராப், எதனால் விழுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சாஃப்ட்வேர் எழுதியிருந்தான்.

"என்ன செஞ்சா?"

"மூணாம் மெஷின்லதான் ஸ்கிராப் ஜாஸ்தி. ஓட்டுறது அவ. காரணத்தை சாஃப்ட்வேரே சொல்லுது. ஆள் தவறு, ஆள் தவறு, ஆள் தவறு. வேணும்னே கெடுக்கிறாளோ என்னவோ."

"கைக்குழந்தைக்காரி."

"அந்த இரக்கத்தை நம்பித்தான் இருக்கா."

"சாஃப்ட்வேருக்கு யார் சொன்னது?"

"அவளேதான்! மூடி கெட்டா மெஷின் நின்னுடும். திரையில காரணத்தைத் தொட்டாத்தான் மறுபடி ஓடும்."

"தன் விரலாலேயே தன்மேல பழி போட்டுக்கிறாளா?"

சிஸ்டர் எழுந்தார்.

மூன்றாம் மெஷினில் லில்லிபுஷ்பம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துட்டு வா" என்றார் சிஸ்டர்.

"திரும்பி வந்தா எனக்கு மெஷின் இருக்குமா, சிஸ்டர்?"

அவள் போனாள்.

சிஸ்டர் அவளுடைய கையுறைகளை எடுத்துச் செல்வினிடம் நீட்டினார்.

"போடு. உன் பேர்ல ஓட்டு."

ஓட்டினான். மூடிகள் ஒழுங்காக விழுந்தன. கொஞ்ச நேரம்தான். பிறகு ஒன்று விளிம்பு வளைந்து வந்தது.

மெஷின் நின்றது. அலறத் தொடங்கியது. மற்ற மெஷின்களில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

திரையில் காரணங்களின் பட்டியல் வந்தது. அவன் எழுதிய பட்டியல்தான். விளிம்பு வளைந்ததற்குப் பொருந்தும் 'அச்சுச் சூடு' எங்கோ கீழே இருந்தது. கையுறையின் தடித்த விரலால் தேய்த்தான். பட்டியல் நகரவில்லை. மறுபடி தேய்த்தான். மெஷின் விடாமல் அலறியது.

"என்ன சார், தூங்கிட்டீங்களா?" என்று யாரோ கத்தினார்கள்.

செல்வின் முதல் வரியைத் தொட்டான்.

அலறல் நின்றது. மெஷின் ஓடியது.

சிஸ்டர் குனிந்து திரையைப் படித்தார்.

"ஆள் தவறு. செல்வின்."

"நான் ஒண்ணும் பண்ணல, சிஸ்டர். அதுவா வளைஞ்சு வந்துச்சு."

"சாஃப்ட்வேரே சொல்லுதே. இன்னைக்கே அனுப்பிடவா?"

அந்த நேரம் பார்த்து வாசலுக்கு வந்த லில்லிபுஷ்பம், அது தனக்குத்தான் என்று எண்ணி அங்கேயே நின்றுவிட்டாள்.

செல்வின் கையுறையைக் கழற்றவில்லை. மெஷினை நிறுத்தினான். அச்சைத் திறந்து, உள்ளே குனிந்தான்.