படத்தின் முதுகில் ஒரு வரி

கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். ஆகவே ஹசீனாவின் தொழிலை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு கடற்கரைப் பட்டணத்தில் அவள் இருட்டறை வைத்துப் படம் அச்சிட்டு வந்தாள். ஆட்கள் கொண்டுவருவது பெரும்பாலும் செல்போன் படம். அதைக் கணினியில் ஏற்றி, வெளுப்பைக் கறுப்பாகவும் கறுப்பை வெளுப்பாகவும் மாற்றி, சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அச்சிடுவாள். அதுதான் நெகட்டிவ். சிவப்பு விளக்கின் கீழ் அதைப் புகைப்படத் தாளின்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, சில நொடி வெளிச்சம் காட்டி, மருந்துத் தட்டுகளில் அலசி எடுப்பாள். ஐம்பது வருடத்துக்கு முன் ஸ்டுடியோவில் எடுத்த மாதிரியே படம் வரும். வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டும், வானம் போன்ற வெற்றிடங்களில் பிரிண்டரின் மை ஓடிய மெல்லிய கோடுகள் தெரியும்.

இதனால் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும், எதிலிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் அச்சிட்டது என்று பென்சிலால் எழுதிவிடுவாள். எழுதாமல் ஒரு படமும் அவள் கையை விட்டுப் போனதில்லை.

ஒரு நாள் காலையில் கழிமுனையிலிருந்து பூமயில் வந்தாள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும்; உப்பளத்தில் வேலை. கழிமுனையில் முப்பத்திரண்டு வீடுகள். அந்த நிலத்தில் கிடங்கு கட்டப்போவதாகப் பேச்சு. எண்பதாம் ஆண்டுக்கு முன்பிருந்தே குடியிருப்பதைக் காட்டினால் பட்டா உண்டு, இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். அவர்களிடம் இருந்த ஒரே சாட்சி ஒரு புகைப்படம். எழுபத்தெட்டில், புயலுக்குப் பிறகு அரிசி கொடுக்க வந்தவர்கள், ஊரையே ஓலைக் கொட்டகை முன்னால் நிறுத்தி எடுத்தது. அவர்களுக்குப் பின்னால் ஆண்டு எழுதிய பலகையும் தெரியும். போன வருட வெள்ளத்தில் சட்டத்தோடு ஊறி அது கூழாகிவிட்டது. அதற்கு முன் பூமயிலின் மருமகன் செல்போனில் அதைப் படம் பிடித்து வைத்திருந்தான். செல்போன் படத்தை யாரும் எப்படியும் மாற்றலாம், பழைய அச்சுப் படத்தையே கொண்டுவா என்று விசாரணை அதிகாரி தணிகைவேலன் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தச் செல்போன் படத்தைப் பழைய அச்சுப் படம் போலவே எடுத்துத் தரச் சொன்னாள் பூமயில். எதற்காகக் கேட்கிறாள் என்பதை மறைக்கவில்லை.

“படத்துல இருக்கிறது பொய்யில்லம்மா. தாள்தான் போச்சு,” என்றாள்.

ஹசீனா ஒப்புக்கொண்டாள். முதல் நெகட்டிவில் மை போதவில்லை. முகங்களெல்லாம் கரியாக வந்தன. இரண்டாவதில் மை கூடிப்போய், பலகையிலிருந்த ஆண்டே வெளுத்துவிட்டது. மூன்றாவதில் எல்லாம் சரியாக அமைந்தது. ஈரத் தாளில் நாற்பத்தொரு பேர் ஒவ்வொருவராக எழுந்து நிற்பதை பூமயில் சிவப்பு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள்.

படம் காய்ந்ததும் ஹசீனா வழக்கம்போல் பின்னால் எழுதினாள்: செல்போன் நகலிலிருந்து, இன்ன தேதியில். பூமயில் எழுத்துக் கூட்டி அதை வாசித்தாள். இந்த ஒன்றுக்கு மட்டும் எழுதாமல் விடக்கூடாதா என்று கேட்டாள்.

“அது என்னால முடியாதுக்கா. எழுதாம குடுத்தா நான் பொய் சொன்ன மாதிரி.”

பூமயில் வற்புறுத்தவில்லை. விசாரணைக்குத் துணையாக வர முடியுமா என்று மட்டும் கேட்டாள். ஹசீனா போனாள்.

தணிகைவேலன் கடுமையானவர் என்று பெயரெடுத்தவர். கையூட்டு வாங்காதவர் என்றும் பெயர். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சுவரோர பெஞ்சில் இருந்த ஹசீனாவும் அதைக் கண்டாள். அவர் அதை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். ரப்பர் தேய்த்த இடம் மங்கலாக மின்னியது. பென்சில் அழுத்திய தடமும் இருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, படத்தின் வானத்தின்மேல் வைத்துப் பார்த்தார்.

எழுந்து சொல்லிவிடலாமா என்று ஹசீனா நினைத்தாள். சொன்னால் முப்பத்திரண்டு வீடு போய்விடும். சொல்லாவிட்டால், இத்தனை வருடம் ஒவ்வொரு படத்திலும் எழுதியதற்கு என்ன அர்த்தம்? அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் எழவில்லை.

இதில் நீங்கள் யார் என்று அதிகாரி கேட்டார். முன்வரிசையில் தம்பியை இடுப்பில் வைத்திருந்த ஒன்பது வயதுப் பெண்ணை பூமயில் தொட்டுக் காட்டினாள். அந்த முகத்தையும் எதிரே நின்ற முகத்தையும் அவர் மாறிமாறிப் பார்த்தார்.

“இது அந்தக் காலத்துப் படந்தானா?”

“அந்தக் காலத்து ஆளுங்க, ஐயா.”

அவர் பூதக்கண்ணாடியை உள்ளே வைத்துவிட்டு, கோப்பில் எழுதினார்: பழைய அச்சுப் படம் நேரில் பார்வையிடப்பட்டது, திருப்தி.

இரண்டு மாதத்தில் பட்டா வந்தது. கழிமுனையார் ஹசீனாவை அழைத்துச் சோறு போட்டார்கள். அவள் சாப்பிட்டாள், அந்த வரியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, பூமயிலும் சொல்லவில்லை.

ஒருத்தி உண்மையை எழுதினாள், அது அழிந்ததைக் கண்டும் வாய் திறக்கவில்லை. ஒருத்தி அதை அழித்தாள். ஒருவர் எல்லாம் தெரிந்தும் தெரியாததுபோல் எழுதினார். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பூமயில் செய்ததே சரி என்பேன். சட்டம் அவளிடம் உண்மையைக் கேட்கவில்லை, ஒரு தாளைக் கேட்டது. அந்தத் தாள் வெள்ளத்தில் போனது அவள் குற்றமல்ல. தணிகைவேலன், “இது நகல்; ஆனால் இதில் இருப்பதை விசாரித்து நம்புகிறேன்” என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதும் அதிகாரம் அவருக்கு மட்டுமே இருந்தது. அதை விட்டுவிட்டு அவர் எழுதிய பொய்யின்மேல்தான் இன்று முப்பத்திரண்டு வீடுகளும் நிற்கின்றன. நாளை எவரேனும் ஒரு பூதக்கண்ணாடியோடு வந்தால் போதும். ஹசீனாவோ எழுந்து நின்று, நகல் எடுத்த விதத்தைச் சொல்லி, படத்துக்குத் தானே சாட்சியாகியிருக்கலாம். அவர்கள் இருவருக்கும் வேறு வழி இருந்தது. பூமயிலுக்கு இருந்தது ஒரு ரப்பர் துண்டு மட்டுமே.