மான் அளவில் கரடி ரவிக்கை

ஒரு காட்டில் கல்யாணம் என்றால், புது ரவிக்கை இல்லாமல் எந்தப் பெண்ணும் பந்தலுக்குள் நுழையமாட்டாள். யானையானாலும் சரி, எருமையானாலும் சரி. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தக் காட்டில் அப்படித்தான்.

அங்கே பொம்மக்கா என்று ஒரு கரடி இருந்தாள். நல்லவள், தாராள மனசுக்காரி. ஒரே ஒரு கோளாறுதான். தான் கொடி மாதிரி ஒல்லியாக இருப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு.

அவள் மகள் தேனம்மைக்குக் கல்யாணம் நிச்சயமானது. சம்பந்தி வீட்டார் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுத் துணி கொடுத்தார்கள். "இதைத் தைச்சுப் போட்டுக்கிட்டு நீங்கதான் மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரே துண்டுத் துணி. வெட்டிக் கெடுத்தால் வேறு கிடையாது.

பொம்மக்கா துணியோடு தையல்சிட்டிடம் ஓடினாள். சிட்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆவணி முகூர்த்தமெல்லாம் முடியட்டும். அப்புறமா வாங்க."

"கல்யாணமே ஆவணியிலதானே!"

"அப்போ புரட்டாசியில போட்டுக்குங்க" என்றது சிட்டு.

பொம்மக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ ஒண்ணும் தைக்க வேண்டாம். நானே வீட்டில தைச்சுக்கிறேன், போ!"

சொல்லிவிட்டாளே தவிர, எப்படித் தைப்பது என்று தெரியாது. நேராக முள்ளம்பன்றி சீரங்காயி வீட்டுக்குப் போனாள். சீரங்காயி கெட்டிக்காரி, தன் ரவிக்கையைத் தானே தைத்துக்கொள்பவள். ஒவ்வொரு விலங்குக்கும் ரவிக்கை அளவைத் தாளில் வரைந்து வெட்டி, மேலே பெயர் எழுதிப் பெட்டியில் வைத்திருந்தாள். துணியை மடித்துப் போட்டு, தாளை மேலே வைத்து வெட்டினால் போதும். ஊசிக்கும் அவள் வீட்டில் பஞ்சமில்லை. முதுகு நிறைய இருந்தது.

சீரங்காயி பெட்டியைத் திறந்து ஒரு தாளை நீட்டினாள்.

"கரடின்னு எழுதியிருக்கே?" என்றாள் பொம்மக்கா.

"நீங்க கரடிதானே அக்கா?"

"அதுக்காக? கொட்டை எழுத்துல எழுதி வைப்பியா? எனக்கு மான் அளவு கச்சிதமா இருக்கும். மான் தாளைக் கொடு."

"மானா! அக்கா, உங்க ஒரு கையே அதுக்குள்ள போகாதே!"

"வேணும்னா அளந்து பாரேன்!"

சீரங்காயி டேப்பைக் கொண்டுவந்தாள். பொம்மக்கா உடனே வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பின. கண் இரண்டும் பிதுங்கின.

"மூச்சை விடுங்க அக்கா."

பொம்மக்கா விட்டுவிட்டதாகத் தலையை ஆட்டினாள்.

"விடலை அக்கா."

"விட்டாச்சுன்னு எத்தனை தடவைடி சொல்றது!" என்று பொம்மக்கா கத்தினாள். கத்தினதில் மூச்சு மொத்தமும் வெளியே வந்தது. டேப் பட்டென்று அறுந்துபோய்ச் சீரங்காயியின் மூக்கில் அடித்தது.

"பார்த்தியா? உன் டேப்தான் சரியில்லை" என்றாள் பொம்மக்கா.

இனி பேசிப் பயனில்லை என்று சீரங்காயிக்குத் தெரிந்துவிட்டது. மான் தாளை வைத்து வெட்டினால் பட்டுத் துணி பாழ். அந்த ரவிக்கையோடு ஆரத்தித் தட்டைத் தூக்கினால், சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் கப்பலேறிவிடும். பாவம், பெண்ணைப் பெற்றவள்! சீரங்காயி மூக்கைத் தடவிக்கொண்டே ஒரு நிமிடம் யோசித்தாள்.

"சரி அக்கா, உள்ளே போய் மான் தாளை எடுத்துட்டு வரேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே போய், கரடித் தாளில் இருந்த பெயரை அழித்து 'மான்' என்று எழுதினாள். மான் தாளில் 'கரடி' என்று எழுதினாள். திரும்பி வந்து பொம்மக்கா கையில் கொடுத்தாள்.

பொம்மக்கா தாளை விரித்துப் பார்த்தாள். "பார், எவ்வளவு சின்னதா, அழகா இருக்கு! இதுதான் என் அளவு!"

அது சற்று முன்னால் அவள் வேண்டாமென்று தள்ளிய அதே தாள். சீரங்காயி சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, "ஸ்ஸ்… இந்தாங்க ஊசி" என்று கொடுத்தனுப்பினாள்.

பொம்மக்கா மூன்று நாள் தைத்தாள். முதல் நாள் ரவிக்கையைப் பாயோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். இரண்டாம் நாள் தன் தொடை முடியோடு சேர்த்துத் தைத்துவிட்டு, எழுந்து நின்று 'ஐயோ' என்று அலறினாள். மூன்றாம் நாள் ஒருவழியாக முடித்து, போட்டுப் பார்த்தாள். அடடா! அளவெடுத்து வார்த்தது போல இருந்தது.

அதோடு சும்மா இருந்தாளா? குரங்கைப் பிடித்து நிறுத்தி, "மான் அளவு!" என்றாள். ஆமையிடம், "மான் அளவு!" என்றாள். யாரும் கிடைக்காதபோது பாறையிடமும் சொன்னாள்.

இதற்கிடையே மரிக்கொழுந்து என்ற மானும் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கச் சீரங்காயி வீட்டுக்கு வந்தாள். முள்ளம்பன்றிகள் பகலில் தூங்குவது உங்களுக்குத் தெரியும்தானே? பொம்மக்கா திருப்பிக் கொடுத்த தாளைப் பெட்டியில் போட்டுவிட்டு, பெயரை மாற்ற மறந்து சீரங்காயி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

மரிக்கொழுந்து சாது. யாரையும் எழுப்பமாட்டாள், எதையும் சந்தேகப்படமாட்டாள். 'மான்' என்று எழுதிய தாளை எடுத்துப் பார்த்தாள். "ரொம்பப் பெரிசா இருக்கே" என்று தோன்றியது. "எழுதி வச்சவங்களுக்குத் தெரியாததா!" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு எடுத்துப் போய்த் தைத்துவிட்டாள்.

கல்யாண நாள் வந்தது. மாப்பிள்ளைக் கரடி பந்தல் வாசலில் வந்து நின்றார். பொம்மக்கா ஆரத்தித் தட்டைக் கையில் எடுத்தாள். "யாரு தைச்சது? பிரமாதமா இருக்கே!" என்று சம்பந்தியம்மா கேட்டாள்.

"நானேதான்! மான் அளவு!" என்றாள் பொம்மக்கா, பந்தல் முழுக்கக் கேட்கும்படி.

அந்த நேரம் பார்த்து மரிக்கொழுந்து உள்ளே வந்தாள். வந்தாள் என்றா சொல்வது? ஒரு ரவிக்கை நடந்து வந்தது. கழுத்து வழியாக மரிக்கொழுந்தின் தலை தெரிந்தது. கை இரண்டும் தரையைக் கூட்டிக்கொண்டு வந்தன. இடது கை வழியாக ஒரு குட்டியும், வலது கை வழியாக இன்னொரு குட்டியும் எட்டிப் பார்த்தன.

"அடிப் பாவி மரிக்கொழுந்து! இப்படி இளைச்சுப் போயிட்டியே! சாப்பிடறியா இல்லையா?" என்று பதறினாள் பொம்மக்கா.

"நான் இளைக்கலை அக்கா. மான் தாளை வச்சுத்தான் தைச்சேன்."

"நானும் மான் தாளை வச்சுத்தானே தைச்சேன்!"

பந்தலில் எல்லோரும் மரிக்கொழுந்தைப் பார்த்தார்கள். பிறகு பொம்மக்காவைப் பார்த்தார்கள். இரண்டு ரவிக்கையும் ஒரே அளவு. முதலில் குரங்கு சிரித்தது. அப்புறம் பந்தலே சிரித்தது.

சீரங்காயி முள்ளெல்லாம் சிலிர்க்க மெதுவாக எழுந்தாள். "மன்னிச்சிடுங்க அக்கா. பேரை மாத்தி எழுதினது நான்தான்."

பொம்மக்காவுக்கு முகம் தொங்கிவிட்டது. "இந்த ரவிக்கையே எனக்கு வேண்டாம். கழட்டிப் போட்டுட்டு வீட்டுக்குப் போறேன். ஆரத்தியை வேற யாராவது எடுங்க!"

மாப்பிள்ளை வெயிலில் விழித்துக்கொண்டு நின்றார். மணப்பெண் தேனம்மை மணையை விட்டு எழுந்து ஓடிவந்தாள்.

"அம்மா, காலையிலேருந்து எத்தனை தடவை குனிஞ்சு நிமிர்ந்திருப்பே? ஒரு தையலாவது விட்டுச்சா?"

"இல்லை."

"மூணு பலாப்பழம் சாப்பிட்டியே, மூச்சு முட்டுச்சா?"

"நாலு," என்றாள் பொம்மக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "முட்டலை."

"நிஜமாவே மான் அளவுல தைச்சுப் போட்டுக்கிட்டு, இப்போ தட்டைத் தூக்கியிருந்தா?"

பொம்மக்கா அதை நினைத்துப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால்! சம்பந்தியம்மாவுக்கு நேர் எதிரே!

காலையிலிருந்து எக்கிப் பிடித்திருந்த வயிற்றை அவள் மெல்ல விட்டாள். 'புஸ்ஸ்' என்று ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. ரவிக்கையில் ஒரு நூல்கூட அசையவில்லை. இரண்டு கையையும் உயரத் தூக்கி, மூன்று சுற்று ஆரத்தி எடுத்தாள். கொக்கி எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. சம்பந்தியம்மா, "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு தைச்சுக் கொடுங்களேன்" என்று காதோடு கேட்டாள்.

மறுநாள் மரிக்கொழுந்தின் ரவிக்கையைப் பிரித்து, அவளுக்கு ஒன்றும் குட்டிகளுக்கு ஆளுக்கொன்றும் சீரங்காயி தைத்துக் கொடுத்தாள். பொம்மக்கா பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தாள்.

வேலை முடிந்ததும் தன் தாளை எடுத்து நீட்டினாள். "சீரங்காயி, இதுல கரடின்னே எழுதிடு."

"சரி அக்கா."

"கொஞ்சம் சின்ன எழுத்துல எழுது."

நீதி: அளவுத் தாளில் எழுதிய பெயர் ஊருக்குத் தெரியாது, போட்ட உடை பொருந்தாவிட்டால் ஊருக்கே தெரியும்.