எட்டு காதத்தில் இறங்கிய பெருச்சாளி

ஆலங்காட்டில் சாத்தப்பன் என்றொரு பெருச்சாளி இருந்தது. சொன்ன விலைக்கு எதையும் வாங்காது. மழை பெய்தால்கூட, “இன்னும் நாலு தூறல் சேர்த்துப் போடு” என்று வானத்தைப் பார்த்துக் கத்தும்.

அதன் தங்கை அங்காத்தாளை மூங்கில்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அன்று உச்சிப்பொழுதில் அவள் மகனுக்குக் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். இருக்கிற ஒரே தாய்மாமன் சாத்தப்பன்தான்.

விடிந்ததும் அது குளக்கரைக்கு ஓடியது. அங்கே நீலமேகம் என்ற கூழைக்கடா, அலகுக்குக் கீழே தொங்கும் பையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு காடு காடாகப் பறந்து பிழைத்துவந்தது.

“மூங்கில்காட்டுக்கு என்ன கேட்கிறீர்?”

“இருபது அயிரை மீன்.”

“பத்து.”

“சரி, ஏறும்.”

சாத்தப்பனுக்குத் திக்கென்றது. ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டானே, ஏமாந்துவிட்டோமோ? இன்னும் எதையாவது குறைக்காமல் ஏற மனசு வரவில்லை.

“எவ்வளவு தூரம்?”

“வான்வழியாகப் பத்து காதம்.”

“யாரிடம் கதை விடுகிறீர்? ஏழு போடும்.”

“ஐயா, தூரத்தை நான் போடவில்லை. அது பாட்டுக்குக் கிடக்கிறது.”

“அதெல்லாம் என்னிடம் செல்லாது. எட்டு. இதுதான் கடைசிப் பேச்சு. போய்ச் சேர எத்தனை நாழிகை?”

“எட்டு.”

“ஆறு. முடியாதென்றால் சொல்லும், நாரையிடம் போகிறேன்.”

கூழைக்கடா யோசித்தது. எட்டு காதம் பறக்க ஆறு நாழிகை ஏறக்குறைய சரியாகத்தான் வந்தது.

“உம் இஷ்டம். எட்டு காதம், ஆறு நாழிகை. அப்புறம் பேச்சு மாறக்கூடாது.”

“மாறினால் என் மீசையைச் சிரைத்துக்கொள்கிறேன்” என்று சாத்தப்பன் மீனைக் கொடுத்துவிட்டு ஏறியது.

வழியெல்லாம் தன் சாமர்த்தியத்தைத் தானே புகழ்ந்துகொண்டே வந்தது. வாயில் ஆளை வைத்துக்கொண்டு பேச முடியாததால் கூழைக்கடா பதில் சொல்லவில்லை. ஆறாவது நாழிகை முடிந்ததும், ஒரு கள்ளிக்காட்டின் நடுவே இறங்கி வாயைத் திறந்தது.

“இறங்கும். எட்டு காதம் ஆயிற்று.”

“யோவ், இது மூங்கில்காடு இல்லையே!”

“அது இன்னும் இரண்டு காதம். அதைத்தான் நீர் குறைத்துவிட்டீரே.”

“குறைத்தேன்தான். குறைத்தது எங்கே போயிற்று?”

“உம் காலடியில் ஆரம்பிக்கிறது, நடந்து பாரும்” என்று சொல்லிவிட்டு நீலமேகம் கிளம்பிவிட்டது.

சாத்தப்பன் முள்ளுக்குள் விழுந்து எழுந்து ஓடியது. மூங்கில்காட்டை எட்டியபோது பொழுது சாய்ந்திருந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது.

அங்காத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “வாண்ணே. நல்ல நேரம் தப்பிப்போகுமேன்னு, பக்கத்துவீட்டு முள்ளம்பன்றி மடியிலே உட்கார வெச்சோம். ஊசியே தேவைப்படலே. பிள்ளை நெளிஞ்சதிலே காதிலே பதினோரு ஓட்டை விழுந்துருச்சு.”

“பதினொன்று ரொம்ப அதிகம் தங்கச்சி” என்றது சாத்தப்பன், மூச்சு வாங்கிக்கொண்டே. “ஆறு என்று முடித்துக்கொள்வோம்.”

அங்காத்தாள் பந்தல்காலைப் பிடுங்கினாள்.

விலையை எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக் கேளுங்கள். ஆனால் தூரத்தையும் நேரத்தையும் வாயால் குறைத்தவன், அந்த மிச்சத்தைத் தன் காலால்தான் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.