உருட்டிவிட்ட ஆப்பிள்

ஜப்பானின் வடக்கே ஒரு பனிமலை. அதன் அடிவாரத்தில் ஒரு வெந்நீர் ஊற்று. குளிர்காலத்தில் அந்த மலைக் குரங்குகள் காலில் மூங்கில் பட்டை கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி இறங்கி, கழுத்தளவு வெந்நீரில் சுகமாக உட்கார்ந்துவிடும்.

ஒருநாள் தெற்கேயிருந்து கோரோ என்ற குரங்கும் அவன் மனைவி நாமியும் கைக்குட்டியோடு மலை உச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். குட்டி குளிரில் விறைத்துப்போய் அழக்கூட மறந்திருந்தது. இருட்டுவதற்குள் அதை வெந்நீரில் இறக்கியாக வேண்டும். மற்றவர்களைப் பார்த்து இவர்களும் மூங்கில் பட்டை கட்டிக்கொண்டார்கள். சறுக்கித்தான் பழக்கமில்லை.

இறங்க இரண்டு சரிவுகள் இருந்தன. ஒன்று செங்குத்தானது. மற்றது மரங்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றிப் போவது. குட்டிகள் விளையாடும் சரிவு அது.

அங்கே ஒரு நரி உட்கார்ந்திருந்தது. கோரோவின் முதுகில் இருந்த ஆப்பிள் மூட்டையையே பார்த்தது.

"தம்பி, ஊருக்குப் புதுசா? செங்குத்துச் சரிவுல இறங்குறவனுக்குத்தான் ஊற்றுல இடம். சின்னப் பசங்க சரிவுல போனா சிரிச்சே துரத்திடுவாங்க."

நரிக்கு இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்று கோரோ யோசிக்கவில்லை. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மரத்துக்கு மரம் தாவுறவன் நான். இதெல்லாம் ஒரு சரிவா?" என்று பட்டையை இறுக்கினான்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் நாமி. மூட்டையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துச் செங்குத்துச் சரிவில் உருட்டிவிட்டாள். வெயிலில் இளகிய பனி, குளிரில் மறுபடி கண்ணாடியாய் இறுகியிருந்தது. ஆப்பிள் டக் டக்கென்று துள்ளிப்போய்ப் பாறையில் மோதிச் சிதறியது. நரி சப்புக்கொட்டியது.

இன்னொன்றைக் குட்டிகள் சரிவில் உருட்டினாள். மர நிழலில் பனி பொலபொலவென்று இருந்தது. ஆப்பிள் கொஞ்ச தூரம் போய் மெத்தென்று புதைந்து நின்றது.

நாமி நரியைப் பார்த்தாள். "அண்ணே, செங்குத்துல நீங்க முன்னால போங்க. நாங்க பின்னாலயே வர்றோம்."

"எனக்கு முழங்கால் வலி, தாயி."

"அந்தப் பாறையடியில முறிஞ்ச மூங்கில் பட்டையா கிடக்குதே. விழுந்தவங்க மூட்டையெல்லாம் யார் தின்னாங்க?"

நரி நடையைக் கட்டியது. கோரோ பாறையை எட்டிப் பார்த்தான். குட்டிகள் சரிவின் பக்கம் திரும்பினான்.

குட்டிகள் சரிவில் கோரோ விழுந்தான், எழுந்தான், மறுபடியும் விழுந்தான். சுற்றிலும் குட்டிகள் கைதட்டிச் சிரித்தன. நாமி குட்டியை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தவாக்கிலேயே இறங்கினாள். பொழுது சாய்வதற்குள் ஊற்றுக்கு வந்துவிட்டார்கள்.

எந்தச் சரிவில் வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"குட்டியை முதல்ல தண்ணியில இறக்கும்மா," என்று ஒரு குரங்கு நகர்ந்து இடம் விட்டது. சற்று நேரத்தில் குட்டி வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நாமிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

நாள் போகப்போக கோரோ வளைந்து திரும்பவும், நினைத்த இடத்தில் நிற்கவும் கற்றுக்கொண்டான். புதுப்பனி பெய்த ஒரு காலையில் செங்குத்துச் சரிவின் விளிம்புக்கு வந்தான். முதலில் ஓர் ஆப்பிளை உருட்டிவிட்டான். அது பனியில் புதைந்து நின்றது. அதற்குப் பிறகுதான் காலை வைத்தான்.

ஊர் மெச்சுவதற்காக அல்லாமல், தன் பழக்கத்தையும் பாதையின் அன்றைய நிலையையும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பவரே பத்திரமாகப் போய்ச் சேர்வார்.